இதில் எது என் குப்பை?

1973-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தில், தொல்லியல் பேராசிரியர் ஒருவர் தன் மாணவர்களோடு குப்பை பிரிக்க உட்கார்ந்தார். வில்லியம் ராத்ஜே என்பது அவர் பெயர். மாயா நாகரிகத்தை ஆராய்ந்து பழகியவர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களை, அவர்கள் உடைத்துப்போட்ட பானையையும் தின்றுபோட்ட எலும்பையும் வைத்துத்தானே புரிந்துகொள்கிறோம்; நேற்றைய மக்களை ஏன் அப்படிப் படிக்கக் கூடாது என்று கேட்டார். நகரத் துப்புரவுத் துறை வீடுகளின் குப்பைப் பைகளை எடுத்துவந்து தந்தது. பெயரோ முகவரியோ கிடையாது, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும். மாணவர்கள் ஒவ்வொன்றையும் வகை பிரித்து, எடை போட்டு, எழுதிவைத்தார்கள்.

கீழடி அகழாய்வைப் பற்றிப் பெருமைப்படும் நமக்கு இந்த முறை அந்நியமில்லை. ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்கள் உடைந்த பானையோடுகளில்தான் நம்மை வந்தடைந்தன. கொடுமணலில் கல்மணி செய்யும் தொழில் நடந்தது என்பதற்கு, வேலையின்போது உடைந்து ஒதுக்கப்பட்ட கற்களும் சாட்சி. காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்காத பொருள்கள் அவை. அதனாலேயே அவை பொய் சொல்வதில்லை.

டூசானில் அதே பகுதிகளின் மக்களிடம் நேர்காணலும் எடுத்தார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள், எதை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். வாய் சொன்னதும் பை சொன்னதும் ஒத்துப்போகவில்லை. குடிப்பதாகச் சொன்னதைவிடப் பாட்டில்கள் கணிசமாகக் கூடுதலாக இருந்தன. பழம் நிறையச் சாப்பிடுவதாகச் சொன்ன பகுதிகளில் தோலும் கொட்டையும் அந்த அளவுக்கு இல்லை. சிப்ஸ், மிட்டாய் உறைகளோ சொன்னதைவிட அதிகம். இவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. தூக்கிப் போட்டதை மனது அதே நொடியில் மறந்துவிடுகிறது. குப்பைத்தொட்டிக்கு மூடி வைத்திருப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு கண்டுபிடிப்பு என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. 1973-இல் அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. அரிதாகிப்போன பொருளை மக்கள் சிக்கனமாகத்தானே பயன்படுத்துவார்கள்? ஆனால் நிலைமை சீரான பிறகு இருந்ததைவிடத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் இறைச்சி அதிகமாகக் குப்பைக்குப் போயிருந்தது. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மொத்தமாக வாங்கினார்கள். பழக்கமில்லாத துண்டங்களை வாங்கினார்கள். எப்படிச் சமைப்பது, எத்தனை நாள் வைப்பது என்று தெரியாமல் கெடவிட்டார்கள். இதைப் போன்ற தரவுகளிலிருந்து ராத்ஜே ஒரு விதியை வகுத்தார்: ஒரு வீட்டின் உணவு எவ்வளவு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதோ, அவ்வளவுக்கு வீணாவது குறையும்.

நம் சமையலறையில் இந்த விதியைச் சோதிப்பது எளிது. சின்ன வெங்காயமோ புளியோ பருப்போ நம் வீடுகளில் அழுகிக் குப்பைக்குப் போவது அபூர்வம். நாளும் கை படுகிற பொருள்கள் அவை. கெட்டுப்போவது எது? புதிதாக ஏதோ செய்து பார்க்கலாம் என்று வாங்கிய காளான் டப்பா, ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ என்று வந்த சாஸ், விருந்துக்கு வாங்கி மிஞ்சிய க்ரீம். இட்லி மாவு நாலாம் நாள் புளித்தால் ஊத்தப்பமாகவோ பணியாரமாகவோ மாறிவிடும், அதற்கு வழி தெரியும். பாதி திறந்த க்ரீம் பாக்கெட்டுக்கு வழி தெரியாது. பழைய சோற்றுக்கு நீர் ஊற்றிவைக்கிற அறிவும், பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக அரைக்கிற அறிவும் ஒரு வீட்டில் யாரோ ஒருவரிடம் இருந்தால்தான் உண்டு. அவரோடு அதுவும் போய்விடுகிறது.

ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை உண்டாக்குகிறார் என்பதற்கு ஆயத்தமான எண்கள் இருக்கின்றன. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகம் ஆண்டுக்கு 201 கோடி டன் நகரக் குப்பையை உண்டாக்குகிறது. தலைக்கு, நாளொன்றுக்கு, 740 கிராம். நாட்டுக்கு நாடு இது 110 கிராமிலிருந்து நாலரைக் கிலோ வரை மாறுகிறது. இந்தியாவின் சராசரி 570 கிராம் அளவு. சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் கொட்டுகிறது. மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு முக்கால் கிலோவை ஒட்டி வரும்.

இந்த எண்களை அப்படியே ஒருவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. சென்னையின் கணக்கில் கோயம்பேடு சந்தையின் முட்டைக்கோஸ் இலையும், கல்யாண மண்டபத்தின் எச்சில் இலையும், ஓட்டல் பின்வாசலும், தெருமுனை இளநீர்க் கடையின் மட்டையும் சேர்ந்திருக்கின்றன. மறுபக்கம், நம் வீட்டிலிருந்து வெளியேறியும் இந்தக் கணக்குக்கு வராதவை உண்டு. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, பாட்டில் ஆகியவை பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் போய்விடுகின்றன. பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவரின் தொழில்தான் இன்று எடைத்தராசோடு தொடர்கிறது. ராத்ஜே 1980-களின் கடைசியில் அமெரிக்கக் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கியபோது உள்ளே அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது காகிதம். சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் அவ்வளவு காகிதம் கிடைக்காது. நாம் அமெரிக்கரைவிடக் குறைவாகக் குப்பை போடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும்போது, அதில் ஒரு பங்கு நம் சிக்கனம், இன்னொரு பங்கு சாக்கு மூட்டையோடு அலைகிற யாரோ ஒருவருடைய உழைப்பு என்பதை மறக்கக் கூடாது.

சராசரியை விட்டுவிட்டு ஒரு பையைத் திறந்து பார்ப்பதே மேல். நடுத்தரச் சென்னை வீடு ஒன்றின் ஒரு நாள் பையைச் செய்தித்தாளின் மேல் கொட்டினால், முதலில் வருவது ஈரம். ஃபில்டரில் தட்டிய காபிச் சக்கை, வாழைக்காய்த் தோல், கீரைக் காம்பு, முருங்கைக்காய்ச் சக்கை, குக்கரின் அடியில் ஒட்டிய சோறு, தேங்காய் நார். எடையில் பாதிக்கு மேல் இதுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவுக் கழிவு என்று மதிப்பிடுகிறது. நாளுக்கு 150 கிராம். இதில் தோலும் எலும்பும் அடக்கம் என்பதால் எல்லாமே வீணடிப்பு ஆகாது. வாழைக்காய்க்குத் தோல் இருப்பது யார் குற்றமும் இல்லை.

ஈரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எடை குறைவு, கூட்டம் அதிகம். சோப்பு உறை, பிஸ்கட் உறை, சாம்பார் கட்டிவந்த பிளாஸ்டிக் கவர், அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய மாத்திரை அட்டை, கொரியர் உறை, கடை ரசீது, வாரிக் கூட்டிய முடியும் தூசியும். பால் பாக்கெட் பெரும்பாலும் இந்தப் பையில் இருக்காது. கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் போடுகிற வீடுகள் இன்னும் நிறைய. அந்தப் பாக்கெட்டிலிருந்து வெட்டியெடுத்த முக்கோண மூலை மட்டும் இருக்கும். நகத்தளவுதான். காபிச் சக்கைக்குள் புதைந்துவிடும், உரத்தைச் சலிக்கும்போது சல்லடைக் கண்ணில் நழுவி மண்ணோடு வயலுக்குப் போகும். மூலையை முழுதாக வெட்டாமல் ஒரு கீறலாகக் கீறினால் அது பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு விலைக்குப் போய்விடும். ஒரு மனிதரின் கையிலேயே முழுதாக இருக்கிற திருத்தம் என்று எனக்குத் தெரிந்த வரை இதைவிடச் சிறியது இல்லை.

எடையும் பார்வையும் இப்படி முரண்படுவதை ராத்ஜேயும் கண்டார். குப்பைமேட்டை நிரப்புவது எது என்று அமெரிக்கர்களைக் கேட்டால் டயபர், தெர்மோகோல், துரித உணவுப் பெட்டி என்றார்கள். தோண்டிப் பார்த்தபோது இவை சொற்பமாகவே இருந்தன. மக்கும் என்று நம்பிய காகிதம் மக்கவே இல்லை. பத்திருபது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் தேதியோடு வாசிக்கும் நிலையில் வெளிவந்தன. எந்த அடுக்கு எந்த ஆண்டுக்குரியது என்பதை அந்தத் தேதிகளை வைத்தே குறித்தார்கள். காற்றும் ஈரமும் புகாதபடி இறுக்கி மூடிய குப்பை மெல்ல மெல்லத்தான் சிதையும்.

சென்னையில் நடந்தது வேறு கதை. பெருங்குடிக் குப்பைமேடு 225 ஏக்கர். அது உட்கார்ந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். இங்கே கீழே தடுப்பு விரிப்பு கிடையாது, மேலே மூடுகிற வழக்கமும் கிடையாது. வடகிழக்குப் பருவமழை நேராக உள்ளே இறங்கும். ஈரக் குப்பை அழுகி, அதன் சாறு பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் கலந்த அடுக்குகள் வழியாகக் கறுப்பாக ஊறிச் சதுப்புக்குள் போகும். காற்று புகாத ஆழத்தில் மீத்தேன் உருவாகும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி நாள்கணக்கில் எரிந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகள் புகைக்குள் மூழ்கின. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதியைப் பெற்றது.

இப்போது அங்கே பயோமைனிங் நடக்கிறது. பல பத்தாண்டுக் குப்பையைத் தோண்டி, காயவைத்து, சுழலும் பெரிய சல்லடைகளில் போட்டு மண், கல், எரியக்கூடியது என்று பிரிக்கிறார்கள். கிழிந்த பிளாஸ்டிக்கும் துணியும் எரிபொருளாகச் சிமென்ட் ஆலைகளுக்குப் போகின்றன. கோடிக்கணக்கில் செலவு. சலித்து வரும் மண்ணில் பெரும்பகுதி ஒரு காலத்தில் நம் வீட்டுத் தோலும் சக்கையும்தான். வந்த அன்றே தனியாக வந்திருந்தால் சில வாரங்களில் நல்ல எருவாகியிருக்கும். முப்பது ஆண்டு கழித்து, கண்ணாடித் தூளும் கன உலோகமும் கலந்து, எந்த விவசாயியும் வாங்கத் தயங்கும் மண்ணாக அது வெளியே வருகிறது.

கிராமத்து வீட்டுக் கொல்லையில் குப்பைக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் கூட்டிய சருகும் அதில் சேரும். கோடையில் வெட்டியெடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்குக் குப்பை அடிப்பார்கள். ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயாராகும். குழி நிறைந்தால் அந்த வீட்டுக்குச் சந்தோஷம். அந்தக் காலத்து மனிதர்கள் நம்மைவிட ஒழுக்கமானவர்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எருவுக்குள் வந்துவிடக் கூடாத பொருள் அவர்கள் வீட்டிலேயே இல்லை, அவ்வளவுதான். நம் வீட்டில் இருக்கிறது. அதனால் அவர்களுக்குத் தேவைப்படாத ஒரு வேலை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த வேலை பிரிப்பது. 2000-இல் வந்த நகரக் கழிவு விதிகளிலேயே இது இருந்தது. 2016 விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தருவதைக் கட்டாயமாக்கின. ‘நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்’ என்பது எல்லாத் தெருவிலும் கேட்கிற பதில். பல இடங்களில் அது உண்மை. ஆனால் வரிசையை யோசித்துப் பாருங்கள். பிரித்த குப்பையை வண்டியில் கலப்பது நிர்வாகத்தின் குற்றம், அதைத் தட்டிக் கேட்கலாம். வீட்டிலேயே கலந்துவிட்ட குப்பையை உலகத்தின் எந்த நிர்வாகமும் மீட்க முடியாது. சாம்பார் ஊறிய காகிதம் காகிதமாகத் திரும்பாது. டயபர் கலந்த கீரைக் காம்பு எருவாகாது. தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கிடம் இருக்கிறது. என் கையால் நடக்கிற கலப்பு என் குப்பை. இதற்கு நான் யாரையும் கை காட்ட முடியாது.

கலப்பு என் சமையலறையில் மட்டும் நடப்பதில்லை. ஒரு ஷாம்பு சாஷேயைக் கிழித்துக் கையில் வைத்துப் பாருங்கள். வெளியே பளபளப்பாக அச்சிட்ட பாலியஸ்டர் படலம், நடுவே வெள்ளிநிற உலோகப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பாலித்தீன். அச்சு நிற்க ஒன்று, காற்றும் ஒளியும் புகாமல் தடுக்க ஒன்று, வாயை மூட ஒன்று. ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் உருக்கி மறுபடி பயன்படுத்தக்கூடிய பொருள். முடியின் கனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய பிறகு அவற்றைப் பிரிப்பது கட்டுப்படியாகாது. காயலான் கடையில் இதற்கு ஒரு பைசா கிடையாது. தெருவில் பொறுக்குகிறவர் குனிந்து பால் கவரை எடுப்பார், பக்கத்தில் கிடக்கும் சாஷேயை விட்டுவிடுவார். அவர் கண்ணைவிடத் துல்லியமான மறுசுழற்சி ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை.

இந்தச் சாஷேயின் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பொருளைச் சிறு பொட்டலமாக்கி விற்கும் யோசனையை இந்தியாவில் முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர். தான் செய்யும் பொருள் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவர் மகன் சி.கே. ரங்கநாதன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் குடும்பத்திலிருந்து முதலில் வெல்வெட் ஷாம்பு வந்தது. 1983-இல் ரங்கநாதன் தனியாகச் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. எண்ணெய், ஊறுகாய், காபித்தூள், துணி சோப்புத்தூள் என்று எல்லாம் சரம் சரமாகப் பெட்டிக்கடை வாசலில் தொங்கத் தொடங்கின.

அந்த எண்ணத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அன்றாடங்காய்ச்சிக்கு மாத பட்ஜெட் கிடையாது, இன்றைய கூலியில் இன்றைய தேவைதான் உண்டு. பெரிய பாட்டில் வாங்கினால் குப்பை குறையுமே என்று அவரிடம் சொல்வது, முன்பணம் கட்ட முடியாதவரிடம் சொந்த வீடு வாங்கினால் வாடகை மிச்சம் என்று சொல்வது போல. சாஷே வாங்குவது அவருடைய தேர்வு என்றாலும், சாஷேயை எதனால் செய்வது என்பது அவருடைய தேர்வு இல்லை.

சிக் ஷாம்புவின் தொடக்க காலத்தில் ஒரு விற்பனைத் திட்டம் இருந்தது. எந்த நிறுவனத்தின் உறையானாலும் சரி, ஐந்து காலி உறைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம். பிறகு சிக் உறைகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனை பல மடங்கு பெருகியது. நோக்கம் வியாபாரம்தான், சுற்றுச்சூழலை அன்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சில காலத்துக்கு, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் காலி சாஷே தெருவில் கிடக்கும் பொருளாக இல்லாமல் கடைக்குத் திரும்பிவரும் பொருளாக இருந்தது. சாஷேயைத் திரும்பப் பெறுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று இன்று சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு இந்தத் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

சட்டம் என்ன செய்தது? 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றன. கெடு முடிகிற 2018-இல் விதி திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய முடியாததாக, எரித்து ஆற்றலாகவும் மாற்ற முடியாததாக, வேறெந்தப் பயனும் இல்லாததாக இருந்தால்தான் ஒழிக்க வேண்டும் என்று பொருள்கொள்ள இடம் கிடைத்தது. எரியாத பிளாஸ்டிக் எது? இந்த ஒரு திருத்தத்தில் சாஷேக்கு ஆயுள் நீட்டிப்புக் கிடைத்தது. உற்பத்தியாளர் பொறுப்பு பற்றிய விரிவான நெறிமுறைகள் 2022-இல் வந்து, பல அடுக்கு உறைகளைத் தனி வகையாகச் சேர்த்துப் பொறுப்பை நிர்ணயித்தன. கடை வாசலில் சரம் இன்னும் அப்படியே தொங்குகிறது.

இதற்கிடையில் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இரண்டையும் நான் ஆதரிக்கிறேன், கைப்பை இல்லாமல் கடைக்குப் போவதில்லை. ஆனால் நெருக்கடி யார் மேல் விழுந்தது என்று கவனிக்க வேண்டும். பூக்காரம்மா கவரில் பூ கட்டிக் கொடுத்தால் அபராதம். அதே தெருக்கோடிக் கடையில், தொழிற்சாலையிலேயே ஒட்டி வந்த நூறு வகை உறைகளுக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

இந்தத் திசைமாற்றத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், திருப்பித் தர முடியாத பாட்டில்களில் பியர் விற்பதைத் தடை செய்தது. அதே ஆண்டு, கேன் செய்யும் நிறுவனமும் பாட்டில் செய்யும் நிறுவனமும் முன்னின்று ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பைத் தொடங்கின. குப்பை போடுகிற மனிதனே பிரச்சினை என்பது அதன் பிரச்சாரத்தின் சாரம். 1971-இல் அந்த அமைப்பு வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில் செவ்விந்தியர் ஒருவர் நெடுஞ்சாலைக் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். அமெரிக்காவை உலுக்கிய விளம்பரம் அது. செவ்விந்தியராக நடித்தவர் இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பது பிறகு வெளிவந்தது. அதைவிட முக்கியமான பொய் வேறு. குப்பையைக் கார் ஜன்னல் வழியாக வீசியவனைக் காட்டிய கேமரா, திரும்பப் பெற்றுவந்த பாட்டிலை வீசியெறியும் பாட்டிலாக மாற்றியவர்களைக் காட்டவில்லை. வீசியவன் மேல் தவறு இல்லை என்று சொல்ல வரவில்லை. அவன் கைக்கு அந்தக் குப்பை வந்ததிலிருந்து கதையைத் தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

என் பையில் உள்ளதைப் பார்க்கும்போதும் இந்த இரண்டு பாதிகளையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈரத்தையும் உலர்ந்ததையும் கலந்தால் அது என்னுடையது. பாலியஸ்டரையும் அலுமினியத்தையும் பாலித்தீனையும் கலந்து என்னிடம் கொடுத்தால் அதை நான் எந்தத் தொட்டியில் போட்டாலும் பிரிக்க முடியாது. நீலத் தொட்டியில் போட்டாலும் பச்சைத் தொட்டியில் போட்டாலும் அது போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். தனி மனிதர்கள் திருந்தினால் எல்லாம் சரியாகும் என்பவர்களும், நிறுவனங்கள் திருந்தும் வரை நாம் செய்ய ஒன்றுமில்லை என்பவர்களும் ஒரே பையின் இரண்டு பாதிகளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாதம் நடக்கும் நேரத்தில் பையைத் திறப்பது ஒரு மனிதக் கை. உடைந்த டம்ளரைச் சுற்றாமல் போட்டிருந்தால் அது அந்தக் கையை வெட்டும். இன்சுலின் ஊசி குத்தும். குழந்தையின் டயபரும் நாப்கினும் சுற்றப்படாமல் மற்றதோடு கிடந்தால், பிரிக்கிற பெண் அதைத் தொட்டுத்தான் ஒதுக்க வேண்டும். டயபரையும் நாப்கினையும் சுற்றித் தனியாகத் தர வேண்டும் என்பதும், சுற்றுவதற்கான உறையை உற்பத்தியாளரே தர வேண்டும் என்பதும், குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்ன 2016 விதிகளிலேயே இருந்தன. புனேயில் 1993 முதல் சங்கமாகத் திரண்டிருக்கும் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2013-இல் பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தார்கள். பொருள் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போனது. அதைவிட நேரடியான வாதத்தை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை. சென்னையில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கூலியும் பணிப் பாதுகாப்பும் அவர்கள் கேட்டவை. நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நம் தலைக்கு முக்கால் கிலோவை நம் கண்ணில் படாமல் எடுத்துச் செல்வதற்கான விலையை இவர்கள் கொடுத்துவருகிறார்கள். குப்பை குறைவதைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகளில் இந்த விலை கணக்கில் வருவதே இல்லை.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு நீலகிரியில் ஓர் உதாரணம் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் காட்டோரம் வீசும் மதுப்பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்காக வந்தது. நீதிமன்றத்தின் வலியுறுத்தலில் 2022-இல் அங்கே டாஸ்மாக் மதுக்கடைகளில் ஒரு பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் 10 ரூபாயைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்தவர்கள் அதே ஆட்கள். அறிவுரைப் பலகைகளும் முன்பே இருந்தன. மாறியது இரண்டுதான்: காலிப் பாட்டிலுக்கு ஒரு விலை வந்தது, விற்றவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது. வாங்கியவர் வீசிவிட்டுப் போனாலும் பரவாயில்லை, பொறுக்கிக் கொடுப்பவருக்கு 10 ரூபாய். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1971-இலேயே, அந்தக் கண்ணீர் விளம்பரம் வந்த அதே ஆண்டில், பாட்டிலுக்கு வைப்புத்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. கோலி சோடா பாட்டிலைக் கடையிலேயே குடித்துத் திருப்பிக் கொடுத்து வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சாஷேக்கும் இது பொருந்தாதா? பொருளின் விலையே ஒரு ரூபாய், வைப்புத்தொகை எப்படி வைப்பது என்பார்கள். ஐந்து காலி உறைக்கு ஒரு ஷாம்பு என்று கணக்குப் போட்டவர்களுக்கு அது பெரிய கணக்கில்லை. எந்தக் குக்கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் தங்கள் சரம் போய்ச் சேர வேண்டும் என்பதை இந்த நிறுவனங்கள் பைசா சுத்தமாகத் திட்டமிடுகின்றன. அதற்கான விநியோகஸ்தர் உண்டு, வாரம் தவறாமல் வரும் வேன் உண்டு, கடைக்காரரோடு கொடுக்கல் வாங்கல் நோட்டு உண்டு. காலி உறைகளை எண்ணி வாங்கிக்கொள்ள அந்த நோட்டில் இன்னொரு பத்தி போதும். ஏற்றிச் செல்ல இடமும் இருக்கிறது. சரக்கை இறக்கிய பிறகு அந்த வேன் வெறுமனேதான் திரும்புகிறது.